குற்றம் இல்லை, பேரேட்டில் பெயர் மட்டும் இருக்கிறது!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்கே ஒரு பூங்கா. பூங்காவில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் ஒரு வாலிபர் இருந்தார். அவருக்கு வயது 19. நண்பர் ஒருவர் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லி இருந்தார். அவருக்காகக் காத்துக்கொண்டு இருந்தார்.

நண்பர் வரவில்லை. போலீசார் வந்தார்கள்!

"யாரோ ஒரு ஆசாமி இந்தப் பக்கம் சந்தேகப்படும்படி நடமாடுகிறான்" என்று அவர்களுக்குத் தகவல் போய் இருந்தது. பெஞ்சுக்கு அருகே தரையில் ஒரு மணிபர்சு கிடந்தது. போதாதா? திருட்டுச் சந்தேகத்தின் பேரில் வாலிபரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இது நடந்தது 1965ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ந் தேதி.

இரண்டு நாள் காவலில் வைத்து விசாரித்தார்கள். எந்தக் குற்றத்தோடும் அவரைச் சம்பந்தப்படுத்த முடியவில்லை. "போகலாம்" என்று விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை, கோர்ட்டு இல்லை, அபராதம்கூட இல்லை.

அதோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கதை அங்கேதான் தொடங்கியது. காவலில் இருந்தபோது அவருடைய கைரேகையை எடுத்து இருந்தார்கள். அந்தக் கைரேகை வாஷிங்டனில் உள்ள எப்.பி.ஐ. என்ற மத்திய துப்பறியும் இலாகாவுக்குப் போய்விட்டது. அங்கே குற்றவாளிகளின் ரிக்கார்டுகளோடு அவர் பெயரும் ஏறிவிட்டது. "இன்ன தேதியில் திருட்டுச் சந்தேகத்தில் கைது" என்று ஒரு வரி. "குற்றத்தோடு சம்பந்தப்படுத்த முடியாததால் விடுதலை" என்று இன்னொரு வரி.

"குற்றம்தான் செய்யவில்லையே, என் பெயர் அங்கே எதற்கு? எடுத்துவிடுங்கள்" என்று கேட்டார். எடுக்கவில்லை. வழக்குப் போட்டார். மெனார்ட் வழக்கு என்று அதை அமெரிக்க வக்கீல்கள் இன்றும் சொல்லுகிறார்கள். 1970ல் அப்பீல் கோர்ட்டு தலைமை நீதிபதி பேசலான் ஒரு தீர்ப்பு எழுதினார். வழக்கே இல்லாமல் போனாலும், கைதான குறிப்பு ஒருவனுடைய படிப்பையும், வேலையையும், தொழில் லைசென்சையும் கெடுத்துவிடக் கூடும் என்று அதிலே விளக்கினார். வழக்கு மறுபடி கீழ்க்கோர்ட்டுக்குப் போயிற்று. மறுபடி மேலே வந்தது. கடைசியில் 1974ல்தான், "குற்றவாளிகளின் பைல்களில் இருந்து அதை எடுத்துவிடு" என்று அப்பீல் கோர்ட்டு உத்தரவு போட்டது.

இரண்டு நாள் காவல். அதைத் துடைக்க ஒன்பது ஆண்டு!

கவுண்டி என்றால் என்ன?

மெனார்ட் காலத்தில் ரிக்கார்டு என்றால் அட்டையும் காகிதமும். இன்றைக்குக் கம்ப்யூட்டர். ஆனால் ரிக்கார்டு பிறக்கிற இடம் பெரும்பாலும் மாறவில்லை. அதற்குக் "கவுண்டி" என்று பெயர்.

நம் ஊர் ஜில்லாவைப் போன்றது அமெரிக்காவின் கவுண்டி. அந்த நாட்டில் 3,100க்கு மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் ஒரு கோடியை ஒட்டி ஜனங்கள் இருக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் லவிங் என்று ஒரு கவுண்டி. 2020ம் ஆண்டு ஜனக்கணக்கின்போது அங்கே இருந்தவர்கள் மொத்தம் 64 பேர்! நம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். ஆனால் அந்த 64 பேருக்கும் ஒரு கோர்ட்டு உண்டு. ஒரு ஷெரீப் உண்டு.

ஷெரீப் என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் வரும். சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரீப் இருந்தார். அது கௌரவப் பதவி. அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே ஷெரீப்தான் கவுண்டியின் போலீஸ் அதிகாரி. பெரும்பாலான கவுண்டிகளில் கவுண்டி ஜெயிலும் அவர் பொறுப்புத்தான். அவரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்து எடுக்கிறார்கள்.

கவுண்டி ஜெயில் வேறு, மாநிலச் சிறைச்சாலை வேறு. நீண்ட காலத் தண்டனை அடைந்தவர்கள் மாநிலச் சிறைக்குப் போவார்கள். விசாரணைக்குக் காத்து இருப்பவர்களும், குறைந்த காலத் தண்டனை பெற்றவர்களும் கவுண்டி ஜெயிலில் இருப்பார்கள். ஆகவே கவுண்டி ஜெயிலில் இருந்தவர் என்றால் குற்றவாளி என்று அர்த்தம் இல்லை.

ஒரு கைது, ஏழு இடத்தில் பெயர்

ஒருவரைக் கைது செய்து ஜெயிலுக்குக் கொண்டு வந்ததும் என்ன செய்கிறார்கள்? பெயர், பிறந்த தேதி, உயரம், எடை எல்லாம் எழுதிக்கொள்ளுகிறார்கள். பத்து விரல் ரேகையும் எடுக்கிறார்கள். முகத்தைப் போட்டோ பிடிக்கிறார்கள். என்ன புகார் என்பதையும் குறித்துக்கொள்ளுகிறார்கள். அரை மணி நேர வேலையோ, பல மணி நேர வேலையோ, ஊரையும் கூட்டத்தையும் பொறுத்தது.

பிறகு அந்த விவரம் கிளை விடுகிறது. பிடித்த போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பிரதி. ஜெயிலில் ஒரு பிரதி. சர்க்கார் வக்கீல் ஆபீசில் ஒன்று. வழக்குப் போட்டால் கோர்ட்டு குமாஸ்தாவிடம் ஒன்று. மாநிலத் தலைநகரில் உள்ள ரிக்கார்டு இலாகாவில் ஒன்று. எப்.பி.ஐ.யிடம் ஒன்று. இது ஆறு ஆயிற்று. ஏழாவது பிரதி யாரிடம் இருக்கும் என்று சொல்லவே முடியாது. கோர்ட்டு ரிக்கார்டுகளை மொத்தமாக விலைக்கு வாங்கி, வேலை கொடுக்கிறவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் விற்கிற கம்பெனிகள் அங்கே இருக்கின்றன!

பெயர் ஏறுவதற்கு இத்தனை வழி. ஆனால் "விடுதலை ஆனார்", "வழக்குத் தள்ளுபடி" என்ற செய்தி அத்தனை இடத்துக்கும் போய்ச் சேருகிறதா என்றால், அதுதான் இல்லை. 2006ம் ஆண்டு அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஓர் அறிக்கை வெளியிட்டார். எப்.பி.ஐ.யிடம் உள்ள கைது விவரங்களில் ஏறக்குறையப் பாதிக்குத்தான் வழக்கின் முடிவு எழுதப்பட்டு இருக்கிறது என்று அந்த அறிக்கை சொல்லிற்று. மீதிப் பாதியில் "கைது" என்பதோடு நிற்கும். பிறகு என்ன ஆயிற்று? படிக்கிறவர் தன் மனம் போல் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அமெரிக்காவில் கைது ஆகிறவர்கள் எல்லாம் ரவுடிகள்தானே" என்று யாராவது நினைத்தால் தவறு. 2011ம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அமெரிக்காவில் 23 வயது ஆவதற்குள் நூற்றுக்குச் சுமார் 30 பேர் ஒரு தடவையாவது கைது ஆகி விடுகிறார்கள் என்று அது கணக்கிட்டது. குடித்துவிட்டுக் கார் ஓட்டியவர், தெருவில் சண்டை போட்டவர், கடையில் ஒரு பொருளை எடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர் எல்லோரும் அதில் அடக்கம்.

ஏன் ஒளித்து வைக்கவில்லை?

"இதை ஏன் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்?" என்று கேட்கலாம். அதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. சர்க்கார் யாரையும் ரகசியமாகப் பிடித்து அடைத்து வைக்கக் கூடாது. யாரைப் பிடித்தார்கள், எங்கே வைத்து இருக்கிறார்கள் என்பது தாய் தகப்பனுக்குத் தெரிய வேண்டும்; ஊருக்கும் தெரிய வேண்டும். இருட்டறையில் நடக்கிற கைது கொடுங்கோல் ஆட்சிகளின் வழக்கம். ஆகையால் கதவைத் திறந்து வை என்றது சட்டம்.

கதவைத் திறந்து வைத்தது தவறு அல்ல. அந்தக் கதவு வழியாக யார் யார் உள்ளே நுழைந்தார்கள் என்பதுதான் விபரீதம்.

கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற நகரம். 1972ம் ஆண்டு கிறிஸ்துமஸ் வியாபாரம் நடக்கிற சமயம். போலீஸ் தலைவர்கள் ஒரு நோட்டீசு தயாரித்தார்கள். கடைத் திருடர்கள் என்று தலைப்புப் போட்டு, போட்டோக்களை வரிசையாக அச்சிட்டு, சுமார் 800 வியாபாரிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு பத்திரிகைப் போட்டோகிராபரின் படமும் இருந்தது. அவர் ஒரு தடவை கடையில் பிடிபட்டது உண்மை. ஆனால் "நான் குற்றவாளி அல்ல" என்று கோர்ட்டில் சொல்லி இருந்தார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. நோட்டீசு வெளியான பிறகு தள்ளுபடியும் ஆகிவிட்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1976ல் தீர்ப்பு வந்தது. நல்ல பெயர் கெட்டது என்ற ஒன்றுக்காக மட்டும் அரசியல் சட்டத்தின்படி நிவாரணம் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்!

அன்று 800 கடை. இன்று உலகம் முழுவதும்.

படத்தை எடுக்கப் பணம்!

கவுண்டி ஷெரீப்கள் பலர் கைதானவர்களின் பெயரையும் போட்டோவையும் தங்கள் இணையதளத்தில் அன்றாடம் போட்டு வந்தார்கள். இதைப் பார்த்துச் சில சாமர்த்தியசாலிகள் ஒரு வியாபாரம் தொடங்கினார்கள். நாடு முழுவதிலும் உள்ள கவுண்டிகளின் இணையதளங்களில் இருந்து போட்டோக்களை வாரிக் கொண்டுவந்து, தங்கள் இணையதளத்தில் போட்டார்கள். பெயரைத் தேடினால் முதலில் அந்தப் படம்தான் வரும். பெண் பார்க்க வருகிறவர் பார்ப்பார். வேலை கொடுக்கிறவர் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

"ஐயா, என் வழக்குத் தள்ளுபடி ஆகிவிட்டது. படத்தை எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சினால், "எடுக்கலாம். இவ்வளவு டாலர் கட்டு" என்று பதில் வரும். ஒருவரிடம் கட்டி எடுத்தால், இன்னொரு தளத்தில் அதே படம் நிற்கும்.

இப்படிப்பட்ட ஒரு பெரிய இணையதளத்தின் சொந்தக்காரர்கள் பேரில் 2018ம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். மிரட்டிப் பணம் பறித்ததாகக் குற்றச்சாட்டு. மூன்று ஆண்டில் 5,000க்கு மேற்பட்டவர்களிடம் இருந்து 20 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தார்கள் என்பது சர்க்கார் தரப்பின் கணக்கு. படத்தை எடுக்கப் பணம் கேட்கக் கூடாது என்று கலிபோர்னியா, ஜார்ஜியா முதலிய பல மாநிலங்கள் சட்டம் போட்டு இருக்கின்றன. கொடிய குற்றம் அல்லாத வழக்குகளில் சந்தேகத்தில் பிடித்தவரின் முகப்படத்தைப் போலீசார் சமூக வலைத்தளங்களில் போடக் கூடாது என்று 2022ம் ஆண்டு முதல் கலிபோர்னியாவில் இன்னொரு சட்டமும் அமலுக்கு வந்தது. ஆனாலும் 50 மாநிலத்துக்கு 50 விதமான சட்டம். ஒரு மாநிலத்தில் தடை. பக்கத்து மாநிலத்தில் தடை இல்லை.

கவுண்டிக்கே விழுந்த அடி

தனியார்தான் இப்படி என்று இல்லை. கவுண்டி நிர்வாகமே மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு.

பிலடெல்பியா நகரத்துக்கு அருகே பக்ஸ் கவுண்டி இருக்கிறது. 1998ல் அங்கே ஒருவர் சில்லறைத் தகராறு ஒன்றில் கைது ஆனார். முதல் தடவை ஆகையால் அவருக்கு நன்னடத்தைத் திட்டத்தில் இடம் கொடுத்தார்கள். சொன்னபடி நடந்து முடித்தார். 2000ம் ஆண்டில் "இவருடைய கைது ரிக்கார்டை அழித்துவிடு" என்று கோர்ட்டு உத்தரவும் போட்டுவிட்டது. அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சில ஆண்டுகள் கழிந்தன. கவுண்டியார் ஜெயில் ரிக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஊரார் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். சாதாரணமாகவா வைத்தார்கள்? 1938ம் ஆண்டு முதல் அந்த ஜெயிலுக்குள் வந்தவர்களின் விவரம் எல்லாம் அதில் இருந்தது. சுமார் 67,000 பேர்! அழிக்கச் சொல்லி உத்தரவு ஆன அந்த மனிதரின் போட்டோவும் அதில் இருந்தது. அங்கிருந்து தனியார் தளத்துக்கும் போய்விட்டது.

அவர் 2012ல் வழக்குப் போட்டார். தனக்கு மட்டும் அல்ல, 67,000 பேருக்கும் சேர்த்து வழக்கு நடந்தது. 2019ம் ஆண்டு மே மாதம் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கவுண்டி வேண்டும் என்றே மாநிலச் சட்டத்தை மீறியது, ஆளுக்கு 1,000 டாலர் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெருக்கிப் பார்த்தால் 6 கோடியே 70 லட்சம் டாலர்! கவுண்டிக்கு மூச்சு நின்றிருக்கும். பிறகு சமரசம் பேசி, ஆளுக்கு 600 டாலர் வரை என்று முடித்தார்கள்.

ஒரு கோர்ட்டு உத்தரவைப் படிக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றிய பலன் அது.

முதலில் தேட வேண்டும்

துடைப்பது பிறகு, எங்கெங்கே ஒட்டி இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அமெரிக்க வக்கீல்கள் சொல்லுகிற வழி இது.

எந்தக் கவுண்டியில் கைது நடந்ததோ, அந்தக் கவுண்டிக்குத்தான் முதலில் போக வேண்டும். குடியிருக்கிற கவுண்டிக்குப் போனால் பயன் இல்லை. கோர்ட்டு குமாஸ்தாவின் ஆபீசில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் வழக்கு நம்பரைத் தேடிக் கொடுப்பார்கள். பல கவுண்டிகளில் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். பென்சில்வேனியாவில் மாநிலம் முழுவதற்கும் ஒரே இணையதளம். பார்க்கக் காசு இல்லை. வழக்கே போடாமல் விட்டிருந்தால் கோர்ட்டில் ஒன்றும் இருக்காது. அப்போது ஷெரீப் ஆபீசில், அல்லது பிடித்த போலீஸ் இலாகாவில் கேட்க வேண்டும்.

அடுத்தது மாநிலம். கைரேகை கொடுத்துத் தன் ரிக்கார்டைத் தானே வாங்கிப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் இதற்கு 25 டாலர். எப்.பி.ஐ.யிடம் கேட்டால் 18 டாலர்.

கைரேகை எதற்கு, பெயர் போதாதா என்று கேட்கலாம். போதாது. நம் ஊரில் ஒரு தெருவில் நின்று "முருகா" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? அங்கே "ஜான் ஸ்மித்" என்று கூப்பிட்டால் அப்படித்தான். பெயரை மட்டும் வைத்துத் தேடுகிற கம்பெனிகள் ஒரு ஸ்மித்தின் கைதை இன்னொரு ஸ்மித்தின் தலையில் கட்டிவிடுவது உண்டு. இதற்கு 1970ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்தார்கள். தவறு என்று எழுதிக் கொடுத்தால், கம்பெனி சாதாரணமாக 30 நாளைக்குள் விசாரித்துத் திருத்த வேண்டும். ஏழு ஆண்டுக்கு முந்தைய கைதுகளை, தண்டனை இல்லாத பட்சத்தில், அந்தக் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லவும் கூடாது. பெரிய சம்பள வேலைகளுக்கு மட்டும் இந்தக் காலவரம்பு இல்லை.

பிறகு துடைக்க வேண்டும்

துடைப்பதில் இரண்டு வகை. ஒன்று அழிப்பது: காகிதமும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. மற்றொன்று பூட்டி வைப்பது: ரிக்கார்டு இருக்கும், ஆனால் ஊரார் பார்க்க முடியாது, போலீசாரும் கோர்ட்டும் சில இலாகாக்களும் பார்க்கலாம். ஒரே வார்த்தைக்கு மாநிலத்துக்கு மாநிலம் பொருள் மாறுவதால், எந்த வகை தமக்குக் கிடைக்கிறது என்பதே பலருக்குத் தெரிவது இல்லை.

கலிபோர்னியாவில் 2018ம் ஆண்டு முதல் ஒரு வசதி. கைதாகி, தண்டனை இல்லாமல் முடிந்தவர், சில வகை வழக்குகள் நீங்கலாக, ரிக்கார்டைப் பூட்டி வைக்கும்படி உரிமையோடு கேட்கலாம். அதைவிட மேலான வழி ஒன்றும் அங்கே இருக்கிறது. "நான் நிரபராதி" என்று நிரூபித்துவிட்டால், கைதான தேதியில் இருந்து மூன்று ஆண்டு வரை பூட்டி வைத்து, பிறகு அழித்தே விடுவார்கள். ஆனால் பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும். மேலும், குற்றவாளி என்று போலீசார் நிரூபிக்கவில்லை என்றால் போதாது. நிரபராதி என்று இவர் நிரூபிக்க வேண்டும். அது எவ்வளவு கஷ்டம்!

டெக்சாசில் வழக்குப் போடாமல் விட்டுவிட்டால் காத்திருக்க வேண்டும். மிகச் சிறிய குற்றச்சாட்டு என்றால் 180 நாள். அதற்கு மேல் என்றால் ஓர் ஆண்டு. பெரிய குற்றச்சாட்டு என்றால் மூன்று ஆண்டு. பிறகு ஜில்லா கோர்ட்டில் மனுப் போடலாம். அந்த மனுவில் ஒரு விசேஷம் உண்டு. தன்னைப் பற்றிய ரிக்கார்டு எந்தெந்த ஆபீசில் இருக்கக் கூடும் என்று மனுதாரரே பட்டியல் கொடுக்க வேண்டும். ஷெரீப், போலீசார், சர்க்கார் வக்கீல், ஜெயில், மாநில இலாகா என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். விட்டுப்போன ஆபீசுக்கு உத்தரவும் போகாது. அங்கே பெயர் அப்படியே இருக்கும். முதலில் தேடச் சொல்லுவது இதற்காகத்தான்.

உத்தரவு கிடைத்துவிட்டால் டெக்சாஸ் சட்டம் தாராளமாக இருக்கிறது. "நீ கைதானது உண்டா?" என்று யாராவது கேட்டால் "இல்லை" என்றே சொல்லலாம். கிரிமினல் வழக்கில் சத்தியம் செய்து சாட்சி சொல்லும்போது மட்டும், "அந்த விஷயம் அழிக்கப்பட்டுவிட்டது" என்று சொன்னால் போதும்.

இவ்வளவு வசதி இருக்கிறதே, ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள் என்றுதானே தோன்றும்? மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்கள் பிரெஸ்காட், ஸ்டார் இருவரும் கணக்குப் பார்த்தார்கள். கைது அல்ல, தண்டனை ரிக்கார்டைத் துடைப்பது பற்றிய கணக்கு அது. தகுதி வந்து ஐந்து ஆண்டுக்குள் துடைத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஆறரைப் பேர்தான்! ஆனால் துடைத்துக்கொண்டவர்களின் சம்பளம் ஓர் ஆண்டுக்குள் நூற்றுக்கு 22க்கு மேல் உயர்ந்து இருந்தது. இந்த ஆராய்ச்சி 2020ல் வெளியாயிற்று.

மற்றவர்கள் ஏன் வரவில்லை? சிலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. சிலருக்குக் கட்டணம் கட்ட வழி இல்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைய முடியாது. கோர்ட்டு வாசலை மறுபடி மிதிக்கவே பயப்படுகிறவர்களும் உண்டு. பயப்படாமல் என்ன செய்வார்கள்? ஒரு தடவை விலங்கு மாட்டிய இடம் அல்லவா?

தானே துடைக்கும் கம்ப்யூட்டர்

"ஜனங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டாம், கோர்ட்டே செய்யட்டும்" என்று முதலில் சட்டம் போட்டது பென்சில்வேனியா. 2018ம் ஆண்டு ஜூன் மாதம் கவர்னர் டாம் உல்ப் கையெழுத்துப் போட்டார். மறு ஆண்டு அமலுக்கு வந்தது. தள்ளுபடியான குற்றச்சாட்டுகளையும், பழைய சிறு குற்றங்களையும் கம்ப்யூட்டரே பொறுக்கி எடுத்துப் பூட்டிவிடும். மனு இல்லை, கட்டணம் இல்லை. முதல் ஓர் ஆண்டிலேயே 3 கோடிக்கு மேற்பட்ட வழக்குகளின் ரிக்கார்டு பூட்டப்பட்டது. மனு எழுதித் துடைப்பது என்றால் எத்தனை தலைமுறை ஆகுமோ!

பிறகு யூட்டா, நியூ ஜெர்சி, மிச்சிகன், கலிபோர்னியா என்று ஒவ்வொன்றாக இப்படிச் சட்டம் செய்தன. பத்துக்கு மேற்பட்ட மாநிலங்களில் இப்போது இத்தகைய சட்டம் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் பூட்டுவது சர்க்காரின் பைலைத்தான். நேற்றே பிரதி வாங்கிக்கொண்டு போன தனியார் கம்பெனியின் பைலை அது தொடாது. அந்தக் கம்பெனிக்கு எழுதித்தான் எடுக்க வைக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் விஷயம்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 2025ம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குத் தூக்கம் போயிற்று. அமெரிக்க சர்க்கார் சுமார் 13 லட்சம் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களை எடுத்து, எப்.பி.ஐ.யின் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தது. சுமார் 6,400 பெயர்களுக்கு ஏதோ ஒரு குறிப்பு அகப்பட்டது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் பெயர்கள் மாணவர் பதிவேட்டில் இருந்து அடிக்கப்பட்டன. அவர்களில் தள்ளுபடியான வழக்குக்காரர்களும், கார் ஓட்டும்போது சின்னத் தவறு செய்தவர்களும் இருந்தார்கள். குடியேற்ற வக்கீல்கள் சங்கம் அப்போது திரட்டிய 327 பேரின் விவரத்தில் பாதிப் பேர் இந்தியர்கள். மாணவர்கள் நாடெங்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். பல நீதிபதிகள் தடை உத்தரவு போட்டார்கள். ஏப்ரல் 25ந் தேதி, பெயர்களைத் திரும்பச் சேர்ப்பதாக சர்க்கார் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. "கைதானது உண்டா?" என்றால் "இல்லை" என்று சொல்லலாம் என்கிறதே டெக்சாஸ் சட்டம், அது குடியேற்ற இலாகாவிடம் செல்லாது. விசா மனுவிலும், குடியுரிமை மனுவிலும் கைது பற்றித் தனிக் கேள்வி இருக்கிறது. ரிக்கார்டு பூட்டப்பட்டு இருந்தாலும், அழிக்கப்பட்டு இருந்தாலும், உள்ளதைச் சொல்லியே தீர வேண்டும். மறைத்தால் கைதைவிடப் பொய் பெரிய குற்றம் ஆகிவிடும்.

சொன்னால் மட்டும் போதுமா? "வழக்கு எப்படி முடிந்தது? கோர்ட்டு முத்திரை போட்ட நகல் கொண்டு வா" என்பார்கள். கவுண்டி கோர்ட்டுக்கு ஓடினால், குமாஸ்தா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு வழக்கே இங்கு இல்லையே" என்று சொல்லக் கூடும். அவர் சொல்லுவதும் சரிதான். அழிக்கச் சொன்னார்கள், அழித்துவிட்டார்!

ஆகையால் அனுபவப்பட்ட வக்கீல்கள், அழிக்கும் மனுவில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் கட்சிக்காரரை ஒரு தடவை குமாஸ்தாவின் ஜன்னலுக்கு அனுப்புகிறார்கள். கைது விவரம், தள்ளுபடி உத்தரவு இரண்டிலும் முத்திரை போட்ட நகல் இரண்டு மூன்று வாங்கி வரச் சொல்லுகிறார்கள். பிற்பாடு அழிக்கும் உத்தரவு வந்ததும் அதிலும் நகல் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுகிறார்கள்.